சம்படத்தோடு போன சாவி

ஏய்யா,

நேற்று மத்தியானம் கும்டாவிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே நம் வீட்டு எவர்சில்வர் சம்படம், நான் முறுக்கு போட்டு வைக்கிறது. அதைக் கையில் எடுத்ததுமே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சாப்பிட்டியா" என்பாய், பேச்சு அப்படியே சோற்றுக்கும் குழம்புக்கும் போய்விடும். அதுவும் போக, தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தியவள், பெற்ற பிள்ளைக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதியதில்லை. இதையாவது முழுசாகப் படி.

உன் ஊர் மட்காவ் ஸ்டேஷனில் ஒரு போர்வை மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? "பை என்னாச்சும்மா?" என்று கேட்டாய். "கிழிஞ்சிருச்சு" என்றேன். நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாய். உன் வீட்டில் நான் இருந்த நாள் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பை கிழியவில்லை ஐயா. நல்ல பை. அது என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லாமல் விட்டால் நம் பந்தயத்துக்கு மரியாதை இல்லை.

பந்தயம் எப்படி வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பா போன மறு வருஷம் நான் கொல்லைப் பக்கம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. உன்னிடம் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லி உனக்குத் தெரிந்து, அடித்துப் பிடித்து ஓடி வந்தாய். வந்தவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாய், வீட்டைச் சுற்றிப் பார்த்தாய், "இதைப் பூட்டிட்டு எங்கூட வந்துரும்மா" என்று ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு வாரா வாரம் அதே பாட்டு. நானும் பதிலுக்குக் கத்தினேன். எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். காலையில் கோயிலைச் சுற்றி வந்தால் நாலு பேர் "எக்கா" என்று நின்று பேசுகிறார்கள். மணியார்டர் பாரம் எழுத வந்த கூட்டம் போய், இப்போது பென்ஷன் விண்ணப்பம் எழுத என் வாசலுக்கு வருகிறது. யாருக்காவது ஒரு விலாசம் சரியாக எழுதிக் கொடுத்த நாளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது, தெரியும். ஆனால் அங்கே நான் உன் அம்மா மட்டும்தான்.

சண்டை முற்றிப்போய் ஒரு நாள் நீதான் சொன்னாய். "நீ ஒத்தையில ரயிலேறி, யாரு தொணையும் இல்லாம, எனக்கு ஒரு போன்கூட போடாம மட்காவ்ல வந்து எறங்கிரு. அன்னையோட வீட்டைப் பத்தி நான் வாயே தெறக்க மாட்டேன்."

"எறங்காட்டா?"

"வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும். பேச்சு மாறக்கூடாது."

"நான் எதுக்குல மாறுதேன்?" என்றேன். வாய் சொல்லிவிட்டது. சங்கரன்கோவிலை விட்டு நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் திருநெல்வேலி. அதுவும் பஸ்ஸில்.

உன் சின்ன அத்தை மகன் கல்யாணம் மங்களூரில் என்று முடிவானதும் நீ டிக்கெட் அனுப்பினாய். உனக்கு லீவு இல்லை. கல்யாணம் முடிந்து எல்லாரும் வேனில் ஊருக்குத் திரும்ப, நான் மட்டும் ரயிலில் வடக்கே வர வேண்டும். மங்களூரிலிருந்து மட்காவ், பகல் ரயில், ஸ்லீப்பர் கோச்சில் ஜன்னலோரம். "கடலோரமாப் போற ரயிலும்மா, நீ பாக்கணும்" என்றாய். அத்தனை சண்டைக்கு நடுவிலும் கடல் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து எனக்கு இடம் பிடித்திருந்தாயே, அதற்கு அன்றைக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நீ நல்லா இருப்பே ஐயா.

உன் மாமா ஸ்டேஷன் வரைக்கும் வந்தான். கல்யாண வீட்டில் ஆரம்பித்தவன் பிளாட்பாரத்திலும் விடவில்லை. "எக்கா, ஒனக்கு இந்தி தெரியாது, கன்னடம் தெரியாது. ஒரு ஸ்டேஷன் தள்ளி எறங்கிட்டேன்னா என்ன செய்வே? நானும் கூட வாரேன். இல்லைன்னா ஒம் மவனுக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லுதேன்" என்றான். "ஏலே, தள்ளி எறங்குனா அங்கனயும் மனுசங்கதானல இருப்பாங்க. நீ போயி வேனைப் பிடி" என்றேன். ரயில் நகரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, என்னை எங்கோ சண்டைக்கு அனுப்புகிறவன் மாதிரி நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குத் தெரியக் கூடாது என்று குனிந்து பையைச் சரி பண்ணுகிற மாதிரி இருந்தேன்.

குனிந்தவள் கையோடு அப்பா செய்கிற காரியங்களை எல்லாம் வரிசையாகச் செய்தேன். நம் குடும்பத்துக்கு ரயில் என்றால் என்ன? சாயங்காலம் ஏறி விடிந்தால் சென்னை. வேறு ரயில் நமக்குத் தெரியாது. ஏறியதும் அப்பா பையை சீட்டுக்கு அடியில் தள்ளி, கைப்பிடிக் காதில் சங்கிலியை விட்டு, அங்கே இருக்கிற வளையத்தோடு சேர்த்துப் பூட்டுவார். திண்டுக்கல் பூட்டு. சாவியை ஒரு தாளில் மடித்து, முறுக்குச் சம்படத்தின் அடியில் வைத்து, மேலே முறுக்கை அடுக்கிவிடுவார். "திருடன் பையைத் தொடுவான், பர்ஸைத் தொடுவான். முறுக்கைத் தொடுவானா?" என்பார். பிறகு ஜன்னல் ஷட்டரை இறக்கிக் கொண்டியைப் போடுவார். நீ வெளியே பார்க்க வேண்டும் என்று அழுவாய். "வெளிய என்னல இருக்கு, இருட்டுதான் இருக்கு" என்பார். பாவம், அவர் சொன்னதும் உண்மைதான். ஒரே ஒரு தடவை ரயில் வெகுநேரம் தாமதமாகி செங்கல்பட்டுப் பக்கம் விடிந்துவிட்டது. ஷட்டரைத் தூக்கினால் பெரிய ஏரி. நீ பெஞ்சில் ஏறி நின்று "கடலு, கடலு" என்று கத்தினாய். பெட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கடல்தான். நல்லாப் பாத்துக்கோ" என்றார். ஏரி என்று உனக்குத் தெரிந்தபோது அவரோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்தாய்.

நானும் அப்படியே பூட்டினேன். அப்பாவின் பை, அப்பாவின் சங்கிலி, அப்பாவின் பூட்டு. சாவி சம்படத்தில், சம்படம் வயர்கூடையில், கூடை மடியில். அதோடு விட்டேனா, பட்டப்பகலில் ஷட்டரையும் இறக்கிவிட்டேன். எதிர் சீட்டில் என் வயசுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எழுந்து வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பி வெளியே பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

என்னத்தைச் சொல்ல? நீ கடல் என்றாய், கடல் என்னவோ எப்போதாவதுதான் மரங்களுக்கு ஊடே எட்டிப் பார்த்தது. எல்லாம் ஆறு. ஒன்று போய் மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. கரை நிறைய, மண் நிறத்தில், அவசரமே இல்லாமல் கடலைப் பார்த்துப் போகிற தண்ணீர். நம் ஊரைச் சுற்றிக் குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கமெல்லாம் ஒரு மழைக்கு வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் நாம். அந்த ஆவணி மாசத்தில் இங்கே குடத்துத் தண்ணீருக்குக் குழாயடியில் நின்றுவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் புறப்பட்டேன். அங்கே யாரும் கேட்காமலே தண்ணீர் கடலுக்குப் போகிறது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஹொன்னாவரம் பாலத்தில் ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, பாலம் முடியவே இல்லை. மழைச்சாரல் முகத்தில் அடித்தது. துடைக்கத் தோன்றவில்லை. ஹொன்னாவரம், கார்வார், கும்டா என்று எத்தனை பார்சலுக்குச் சீட்டு ஒட்டியிருப்பேன். அதெல்லாம் வெறும் எழுத்து இல்லை, உண்மையிலேயே அங்கங்கே பலகை வைத்து ஊராக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் மனசில் ஏறியது. சிரிக்காதே.

எதிர் சீட்டுக்காரியும் நானும் அதற்குள் சிநேகமாகிவிட்டோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் தெரியாது. அவள் பாட்டுக்கு அவள் பேச, என் பாட்டுக்கு நான் பேச, எல்லாம் புரிந்தது. அவள் கும்டாவில் மகளைப் பார்க்கப் போகிறாள். மகளுக்கு ஆறோ ஏழோ மாசம், வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். நான் முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். ஒன்று தின்றாள், இன்னொன்று தின்றாள், மூன்றாவதை முந்தானையில் முடிந்துகொண்டாள். மகளுக்கு என்று சைகை காட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மாசமாக இருக்கிற பிள்ளைக்கு முந்தானையில் ஒற்றை முறுக்கா? கும்டா வந்ததும் சம்படத்தையே தூக்கி அவள் கையில் வைத்தேன். அவள் முறுக்கை மட்டும் தன் பையில் கொட்டிக்கொள்ளப் பார்த்தாள். "அட, சம்படத்தோட கொண்டு போ. மாசமா இருக்கிறவளுக்குக் கொடுத்துட்டு வெறும் பாத்திரத்தைத் திருப்பி வாங்குவாங்களா?" என்று மூடியை அமுக்கிக் கொடுத்தேன். அவள் கண் கலங்கிப்போய் இறங்கினாள். நானும் ராஜா வீட்டுப் பெண் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எத்தனை ஆறு தாண்டியும் எனக்கு அது உறைக்கவில்லை.

இறங்குகிறதற்கு ரொம்ப முன்னாலேயே தயாராகிற புத்திதான் உனக்குத் தெரியுமே. அங்கோலா தாண்டியதும் பையை எடுப்போம் என்று குனிந்தேன். கை தானாக வயர்கூடைக்குப் போய்ச் சம்படத்தைத் தேடியது. சம்படம் இல்லை. கூடையைக் கவிழ்த்தேன். மாத்திரை டப்பா, தண்ணீர்ப் பாட்டில், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. சாவி கும்டாவில், எவள் வீட்டிலோ, முறுக்குக்கு அடியில்.

பக்கத்தில் ஒரு மலையாளத்துக்காரர் இருந்தார், உன் வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். குனிந்து பூட்டைப் பிடித்து இழுத்தார், முறுக்கினார், முகம் சிவந்ததுதான் மிச்சம். திண்டுக்கல் பூட்டு ஐயா, அப்பா பார்த்துப் பார்த்து வாங்கியது. "அம்மே, மோனை விளிக்கட்டே?" என்று என் போனைக் காட்டினார். போனை எடுத்துவிட்டேன். உன் பேர் மேலேயே விரல் நின்றது. அமுக்கினால் நீ ஓடி வருவாய், ஆள் வைத்து உடைப்பாய், ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அமுக்கினால் என் வீடு போயிற்று. நீ பிடுங்க மாட்டாய், நானேதான் பேச்சு மாறக்கூடாது என்று பூட்டிக்கொண்டு வர வேண்டும். மாமா சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி, எனக்குத் தனியாக ஒரு நாள் கழிக்கத் துப்பில்லை என்று ஆகிவிடும். போனைக் கூடையில் போட்டேன்.

அந்தத் தம்பி ஒரு சின்னக் கத்தியை எடுத்து, பையின் காதை அறுத்துவிடலாம் என்றார். அதுவும் சரியான யோசனைதான். ஆனால் அந்தக் காதைப் பிடித்துத்தானே உன் அப்பா அத்தனை வருஷம் நமக்கு முன்னால் நடந்தார். அறுக்க மனசு வரவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்று சீட்டில் உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் மரமண்டைக்கு உறைத்தது. சங்கிலி காதில்தான் மாட்டியிருக்கிறது. ஜிப்புக்குப் பூட்டே கிடையாது. சங்கிலி பையை விடாவிட்டால் என்ன, சாமான் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அந்தத் தம்பி பயந்திருப்பார்.

தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்து போர்வையை உருவினேன். விரித்து, சேலை, உனக்குக் கொண்டு வந்த பொடி, மருமகளுக்கு வாங்கிய துணி எல்லாவற்றையும் நடுவில் அடுக்கி, நாலு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டேன். தபால் பைக்கு வாய் கட்டிக் கட்டிப் பழகின கை, லாரியில் போட்டு உருட்டினாலும் அவிழாத முடிச்சு. அந்தத் தம்பி தூக்கிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்றார். காலிப் பையை அப்படியே விட்டுப் போனால் யாராவது குண்டு என்று பயந்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஜிப்பைத் திறந்தபடி விட்டு, தாம்பூலப் பையைக் கிழித்து, 'காலிப் பை, சாவி தொலைந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் பெரிசாக எழுதி உள்ளே வைத்தேன். அனுப்புநர் முகவரியும் பின்கோடோடு எழுதினேன், பழக்கம் விடுமா? டி.டி.ஆரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கார்வார் நெருங்கும்போது மரங்கள் விலகி, கடல் முழுசாக வந்தது. மழை நின்று வெயில் அடித்த கடல். பெட்டியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காலுக்கடியில் அந்தப் பை, வாயைத் திறந்துகொண்டு, சங்கிலியோடு கிடந்தது. "கடல்தான். நல்லாப் பாத்துக்கோங்க" என்றேன். அப்போது அழுதேன் ஐயா. அப்பாவோடு எத்தனை தடவை ரயிலேறினேன், ஒரு தடவைகூட அந்த மனுஷர் ஷட்டரைத் தூக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. நம்மையும் பையையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற கவலையிலேயே அவருக்குக் காலம் போய்விட்டது. அவர் அப்படிக் காத்ததால்தான் நீ ஆளானாய், நானும் ஆளானேன். அந்தப் பை மும்பை வரைக்கும் போயிருக்கும். போகட்டும். அவர் பார்க்காத ஊரெல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். நான் ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு முந்தின நாள் நீ ஒரு புதுப் பை வாங்கி வந்தாய். சக்கரம் வைத்தது. அதில் சாவிப் பூட்டு இல்லை, நம்பர் பூட்டு. பார்த்ததுமே எனக்குப் புரிந்தது, நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாய் என்று. அப்பா பூட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, சம்படம் இல்லாமல் இறங்கிய அம்மாவைப் பார்த்தால் தெரியாதா? "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்திருப்பேன். நீ பூட்டின் நம்பரைத் திருப்பிக் காட்டி, "நம்ம ஊரு பின்கோடுல மொத மூணு நம்பரும்மா. நீ மறக்க மாட்டேல்லா" என்றாய். அவ்வளவுதான். நம் வீட்டைப் பற்றிய பேச்சு அன்றைக்கு முடிந்தது, இன்று வரைக்கும் நீ எடுக்கவில்லை. என்னை ஜெயிக்க விட்டதற்குக்கூட இல்லை, ஜெயித்தேனா தோற்றேனா என்று கேட்காமல் இருந்ததற்கு உனக்கு நன்றி சொல்கிறேன். அம்மா பிள்ளைக்கு நன்றி சொல்லலாமா என்று யோசிக்காதே. வாங்கிக்கொள்.

இதோடு ஒரு புத்திமதியும் சொல்கிறேன், கடிதம் என்று எழுதிவிட்டு அது இல்லாவிட்டால் எப்படி? மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஒரு தடவை தனியாக அனுப்பு. ஜன்னலோரம் இடம் எடுத்துக் கொடு. மணிக்கொரு தரம் "எங்க வந்திருக்கே" என்று போன் போடாதே. நீ அன்றைக்கு எனக்குப் போன் போடாமல் எப்படித் தவித்தாய் என்று மருமகள் சொன்னாள், சாப்பிடக்கூட இல்லையாமே. அந்தத் தவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாயே, அதுதான் பெரிசு. உன் அப்பாவால் அது முடிந்ததில்லை.

இனி அந்தப் பார்சல். தபால்காரத் தம்பி வாசலில் நின்று, "எக்கா, தெரு இல்லை, கதவு நம்பர் இல்லை. இது ஒங்களுக்கு இல்லாம வேற யாருக்கு?" என்று சிரித்தான். சம்படத்து மூடியில் பேர் வெட்டியிருக்கிறதே, என் பேரும் கீழே சங்கரன்கோவிலும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல், கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி அப்படியே வரைந்து, கீழே ஊரை ஆங்கிலத்தில் எழுதி, பின்கோடைத் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்பது அங்கேயும் உண்டு போல. உள்ளே அச்சுவெல்லமும், கறுஞ்சிவப்பாய் ஏதோ ஒரு புளிப்புப் பழத்தின் காய்ந்த தோலும், பிறந்து கண்ணைத் திறக்காத ஒரு பெண் குழந்தையின் போட்டோவும். எல்லாவற்றுக்கும் அடியில், நான் வைத்த இடத்திலேயே, அப்பா மடிக்கிற மாதிரி தாளில் மடித்து, சாவி.

பூட்டு இல்லாத சாவியை என்ன செய்ய? அப்பா போட்டோ மாட்டிய ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். சம்படத்துக்குத்தான் வேலை வந்துவிட்டது. தை பிறந்ததும் முறுக்கு சுற்றி அதை நிறைத்துக்கொண்டு, மங்களூரில் ரயிலேறி, வழியில் கும்டாவில் இறங்கி, பார்சலில் இருக்கிற விலாசத்துக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் உன்னிடம் வாரேன். டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். நீ மட்காவ் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் ஐயா. வீட்டிலேயே இரு, நான் வந்து கதவைத் தட்டுகிறேன்.

அம்மா